கட்டி சிறுநீர்ப்பையோடு ஒட்டியிருக்கிறது. ரோபோவில் ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடல் மலக்குடலோடு சேர்வதற்கு முன்னால் வளைந்து வரும் சிக்மாய்டு பகுதியில் புற்றுநோய். கட்டி குடல் சுவரைத் தாண்டி சிறுநீர்ப்பையோடு ஒட்டியிருப்பதாக சிடி ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். கல்லீரல், நுரையீரலில் எதுவும் இல்லை. ஒரு மருத்துவமனையில் ரோபோவில் செய்து தருகிறோம் என்கிறார்கள், இன்னொரு டாக்டர் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்கிறார். ரோபோவுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல். கடன் வாங்கியாவது ரோபோவுக்கே போய்விடலாமா என்று மகன் கேட்கிறார்.

நான் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்கிறவன். திறந்தும் செய்கிறேன், சின்ன ஓட்டைகள் வழியாகக் கேமராவும் கருவியும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலும், ரோபோவிலும் செய்கிறேன். கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: ரோபோவுக்காகக் கடன் வாங்க வேண்டாம். கட்டி, அது ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பைப் பகுதியோடு சேர்ந்து, உடையாமல் கிழியாமல் ஒரே துண்டாக வெளியே வருகிறதா என்பதில்தான் உங்கள் அப்பாவின் எதிர்காலம் இருக்கிறது. அதைத் திறந்தும் செய்யலாம், ரோபோவிலும் செய்யலாம். எந்த வழியில் அதை நம்பிக்கையோடு செய்வார் என்பது சர்ஜனைப் பொறுத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆபரேஷன் எப்படி என்று கேட்கிறீர்கள். ஆபரேஷனை இப்போதே செய்ய வேண்டுமா என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டியது.

ரிப்போர்ட்டில் 'டி4பி' என்று பார்த்துவிட்டு நான்காம் ஸ்டேஜ் என்று பயந்திருப்பீர்கள். நிறைய குடும்பங்கள் அப்படி நினைத்துக்கொண்டு அழுதுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். டி என்பது கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கான குறி. குடலின் வெளிச்சவ்வைத் துளைத்திருந்தால் டி4ஏ, பக்கத்து உறுப்புக்குள் போயிருந்தால் டி4பி. கல்லீரல், நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் பரவினால்தான் நான்காம் ஸ்டேஜ். உங்கள் அப்பாவுக்கு இருப்பது அந்த இடத்திலேயே முற்றிய நோய். குணப்படுத்தும் எண்ணத்தோடுதான் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும்.

ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால், பயாப்ஸி எடுத்த துண்டில் எம்எம்ஆர் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது அது. அந்தப் புரதங்கள் இல்லாத கட்டிகள் பெருங்குடலில் சிறுபான்மைதான், ஆனால் அவற்றுக்குச் சிகிச்சையே வேறு. நெதர்லாந்தில் நடந்த நிச்-2 ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது. இப்படிப்பட்ட, முற்றிய பெருங்குடல் கட்டி உள்ள 115 பேருக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் சில வார இடைவெளிக்குள் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளை, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின்மேல் ஏவிவிடும் மருந்துகளை, கொடுத்தார்கள். வெட்டியெடுத்த குடலை நுண்ணோக்கியில் பார்த்தபோது 68 சதவீதம் பேருக்கு உயிருள்ள புற்றுசெல் ஒன்றுகூட இல்லை. இந்தத் துறையில் நான் பார்த்த முடிவுகளில் இவ்வளவு தெளிவான ஒன்று அபூர்வம். மருந்து விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒன்றரை லட்சம் புரட்டத் தயாராக இருக்கும் குடும்பம், அந்தப் பணம் எங்கே போனால் அப்பாவுக்கு அதிகம் உதவும் என்று யோசிக்க வேண்டும் அல்லவா? எம்எம்ஆர் பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். பயாப்ஸி எடுத்த துண்டு ஆய்வகத்தில்தான் இருக்கும், புதிதாக ஊசியோ டியூபோ வேண்டாம்.

எம்எம்ஆர் சரியாக இருந்தால், அதாவது பெரும்பாலானவர்களைப் போல இருந்தால், முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்வதைப் பற்றிப் பேச வேண்டும். பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் மருத்துவமனைகளில் 1053 பேரிடம் நடந்த ஃபாக்ஸ்டிராட் ஆய்வு இதைப் பார்த்தது. ஆறு வாரம் கீமோ கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்தவர்களில், இரண்டு வருடத்துக்குள் நோய் மிச்சமிருந்தது அல்லது திரும்பியது 16.9 சதவீதம் பேருக்கு. நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் 21.5 சதவீதம். பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உண்மையான வித்தியாசம். சிறுநீர்ப்பையோடு ஒட்டிய கட்டிக்கு இது இன்னும் பொருத்தம், ஏனென்றால் கட்டி சுருங்கினால், அதைச் சுற்றிப் புற்றில்லாத ஓரம் விட்டு வெட்ட சர்ஜனுக்கு இடம் கிடைக்கும். எம்எம்ஆர் குறைபாடு உள்ள கட்டிகள் இந்தக் கீமோவுக்கு அவ்வளவாக அசையவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால்தான் அந்தப் பரிசோதனையை முதலில் வைத்தேன். ஒரு விதிவிலக்கு: குடல் அடைத்துக்கொண்டு வயிறு உப்பி வாந்தி வந்தால் இந்த வரிசையெல்லாம் மாறிவிடும். அப்போது தற்காலிகமாக, குடலை வயிற்றின் மேல்தோலில் திறந்து மலம் சேர ஒரு பை வைத்து, அடைப்பைத் தீர்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். சிறுநீர் போகும்போது காற்றுக் குமிழி வருகிறதா, கலங்கலாக நாற்றத்தோடு போகிறதா? வந்தால் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் வழி உண்டாகியிருக்கலாம். இதை வெட்கப்பட்டு யாரும் தானாகச் சொல்வதில்லை. அப்புறம், இடுப்புப் பகுதிக்கு ஒரு எம்ஆர்ஐயும், யூராலஜி டாக்டர் டியூப் விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பதும் தேவைப்படும். கட்டி சிறுநீர்ப்பையின் கூரைப் பக்கம் ஒட்டியிருந்தால் ஒரு வட்டத்தை வெட்டியெடுத்துத் தைத்துவிடலாம், மிச்சப் பை வழக்கம்போல் வேலை செய்யும். கீழே, சிறுநீரகக் குழாய்கள் வந்து சேரும் முக்கோணப் பகுதிவரை போயிருந்தால் அது வேறு ஆபரேஷன். சிக்மாய்டு கட்டிகள் பெரும்பாலும் கூரையில்தான் ஒட்டும் என்பது ஆறுதலான விஷயம்.

சரி, ரோபோவுக்கு வருகிறேன்.

அது தானாக எதையும் வெட்டுவதில்லை. நோயாளியின் மேல் நான்கு கைகளுள்ள ஒரு வண்டி நிற்கும். சர்ஜன் சில அடி தள்ளி ஒரு மேடையில் உட்கார்ந்து, கண்ணைக் கண்ணாடிக்குள் வைத்து, விரல்களால் இயக்குவார். கை நகர்ந்தால் உள்ளே கருவி நகரும், கை நின்றால் அதுவும் நிற்கும். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ, டாவின்சி என்ற கருவிக்கு 2000-இல் வயிற்று ஆபரேஷன்களுக்கு அனுமதி கொடுத்தது. உலகத்தில் பெரும்பாலும் ஓடுவது அதுதான். இந்தியாவிலேயே தயாராகும் எஸ்எஸ்ஐ மந்த்ரா என்ற கருவியும் 2022 முதல் வந்திருக்கிறது.

சாதாரண லேப்ராஸ்கோப்பியில் கருவிகள் நீளக் குச்சிகள், முனை திரும்பாது. ரோபோக் கருவியின் முனை நம் மணிக்கட்டு போலவே எல்லாப் பக்கமும் மடங்கும். படம் முப்பரிமாணத்தில், பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். கேமராவைப் பிடித்திருக்கும் உதவி டாக்டருக்குக் கை வலித்துப் படம் ஆடுகிற பிரச்சினை இல்லை, கேமராவும் சர்ஜன் வசமே இருக்கும். குறுகலான இடத்தில் தையல் போட வேண்டும் என்றால் இதன் அருமை தெரியும்.

உங்கள் அப்பா மாதிரி ஒருவருக்கு உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தலைப்பக்கம் தாழ, கால்பக்கம் உயர, வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் படுக்க வைப்போம். சிறுகுடல் மேலே சரிந்து போய் இடுப்புக் குழி காலியாகும். கரியமில வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, 8 மில்லிமீட்டர் குழாய்களைச் செருகி, கட்டிக்குப் போவதற்கு முன்னால் எல்லா இடத்தையும் சுற்றிப் பார்ப்போம். கல்லீரலின் மேல்பரப்பு, உதரவிதானத்தின் அடி, வயிற்றுச் சவ்வு. சவ்வில் மணல் போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் ஸ்கேன் காட்டாத பரவல் அது, திட்டமே மாறும். எதுவும் இல்லையென்றால் குடலுக்கு வரும் ரத்தக் குழாயை அதன் அடியில் கட்டி அறுத்து, நிணநீர்க் கணுக்கள் உள்ள கொழுப்புப் படலத்தைக் கிழியாமல் உரித்துக்கொண்டு வருவோம். இடது சிறுநீரகக் குழாயை இந்த இடத்தில் கண்ணால் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளாமல் யாரும் மேலே போகக் கூடாது. கட்டி பெரிதாக இருந்தால் முன்கூட்டியே அந்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்துக்கொள்வோம்.

கடைசியில் கட்டி சிறுநீர்ப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருவோம். சர்ஜனின் குணம் தெரிகிற இடம் அதுதான். திசு வீங்கி, வெளுத்து, கெட்டியாக இருக்கும். மெதுவாக விரித்தால் பிரிந்துவிடும் போலத் தோன்றும். சில சமயம் உண்மையிலேயே பிரிந்தும் விடும், ஏனென்றால் இப்படி ஒட்டியவற்றில் கணிசமானவை வெறும் அழற்சியால் ஒட்டியவை. ஆனால் எது அழற்சி, எது புற்று என்று பார்த்துச் சொல்ல எந்தக் கண்ணாலும் முடியாது, பத்து மடங்கு பெரிதாக்கிய கண்ணாலும் முடியாது. பிரிக்கப் போய் அது புற்றாக இருந்தால், நாமே கட்டியை உடைத்து வயிற்றுக்குள் விதைத்தவர்கள் ஆவோம். அதனால் விதி ஒன்றுதான்: பிரிக்காதே, சேர்த்து எடு. சிறுநீர்ப்பையை ஒரு விரற்கடை தள்ளித் திறந்து, ஒட்டிய வட்டத்தோடு கட்டியைத் தூக்கிவிட வேண்டும். அப்புறம் சிறுநீர்ப்பையை இரண்டு அடுக்காகத் தைக்க வேண்டும். ரோபோவின் மடங்கும் முனை உதவுவது இந்தத் தையலில்தான். லேப்ராஸ்கோப்பியில் அரை மணி நேரம் மல்லுக்கட்டும் தையல் இதில் நிதானமாக, நேர்த்தியாக வரும்.

ரோபோவின் குறையும் இதே இடத்தில்தான் தெரிகிறது. திறந்து செய்யும்போது என் விரல்களுக்கு நடுவில் கட்டியை வைத்து அதன் எல்லை எங்கே முடிகிறது என்று தடவிப் பார்ப்பேன். பெரும்பாலான ரோபோக்களில் அந்தத் தொடுவுணர்வு இல்லை. எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பதைத் திசு வெளுப்பதையும் நூல் இறுகுவதையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். 2024-இல் வந்த டாவின்சி 5-இல் சில கருவிகளுக்கு இழுவிசை கைக்குத் தெரிகிறது, ஆனால் அது விரலுக்கு ஈடாகாது. பெரிய, கனமான கட்டியை உலோக முனையால் பிடித்துத் தூக்கினால் கிழியும். கட்டி ஒரு பெரிய எலுமிச்சை அளவுக்கு மேல் போய், இடுப்புக் குழியை அடைத்துக்கொண்டு, கருவி திரும்ப இடமில்லாமல் இருந்தால் நான் வயிற்றைத் திறந்துவிடுவேன். எப்படியும் அதை வெளியே எடுக்கப் பெரிய வெட்டு வேண்டும், அப்புறம் சின்ன ஓட்டைகளால் என்ன லாபம்?

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி பாதுகாப்பானது என்று நிறுவிய பெரிய ஆய்வுகளில் ஒன்று 2004-இல் வந்த அமெரிக்க ஆய்வு, 872 பேர். திறந்து செய்தவர்களுக்கும் லேப்ராஸ்கோப்பியில் செய்தவர்களுக்கும் நோய் திரும்பியது ஏறக்குறைய ஒரே அளவில்தான். ஆனால் பக்கத்து உறுப்பில் ஒட்டிய கட்டி உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை. உங்கள் அப்பா அந்த ஆய்வில் இடம்பெற்றிருக்க மாட்டார். அந்த முடிவை அப்படியே தூக்கி இங்கே வைக்கக் கூடாது. ரோபோவில், வலது பக்கப் பெருங்குடலுக்குக் கொரியாவில் 70 பேரிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வந்தது. லேப்ராஸ்கோப்பியைவிட நேரமும் செலவும் கூடியது, பலன் எதுவும் கூடவில்லை.

ரோபோவுக்கு நல்ல சான்று இருப்பது மலக்குடலில். சீனாவில் 1240 பேரிடம் நடந்த ரியல் ஆய்வில், நடு, கீழ் மலக்குடல் புற்றுக்கு ரோபோவில் செய்தவர்களில் வெட்டிய ஓரத்தில் புற்று இருந்தது 4 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 7.2 சதவீதம். மூன்று வருடத்தில் அந்த இடத்திலேயே நோய் திரும்பியதும் 1.6-க்கு 4 என்று ரோபோவுக்குச் சாதகமாகவே வந்தது. இதற்கு முன் 2017-இல் வெளியான ரோலார் ஆய்வில் 471 பேரிடம் அப்படிப்பட்ட தெளிவான லாபம் தெரியவில்லை. மருத்துவமனை விளம்பரங்களில் 'குடல் புற்றுநோய்க்கு ரோபோ சிறந்தது' என்று வருவது பெரும்பாலும் மலக்குடலின் சான்றைப் பெருங்குடலுக்கும் சேர்த்துச் சொல்வதுதான். மலக்குடல் எலும்புக் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது, அங்கே மடங்கும் முனைக்கு வேலை இருக்கிறது. பெருங்குடலின் பெரும்பகுதிக்கு அந்த நெருக்கடி கிடையாது. உங்கள் அப்பாவின் கட்டி சிக்மாய்டின் அடியில், சிறுநீர்ப்பைக்கு மேல் இடுப்புக்குள் இறங்கியிருப்பதால், அந்த லாபத்தில் ஒரு பங்கு அவருக்கும் கிடைக்கலாம் என்பது என் கணிப்பு. இதே கட்டி வலது பக்கம் இருந்து டியோடினம் என்ற சிறுகுடலின் முதல் பகுதியையோ கணையத்தின் தலையையோ பிடித்திருந்தால், யோசிக்காமல் திறந்து செய்யுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் ஜாக்கிரதையாகப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஓட்டை வழியாகவும் ரோபோவிலும் செய்வது நல்லது என்று வருடக்கணக்காக உலகமே நம்பியது. ரத்தம் குறைவு, சீக்கிரம் வீடு, தழும்பு சிறிது. 2018-இல் 631 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானபோது, அந்த வழியில் செய்தவர்களுக்கு நோய் திரும்பியதும் அதிகம், இறப்பும் அதிகம் என்று தெரிந்தது. மறு வருடமே எஃப்டிஏ, புற்றுநோய் ஆபரேஷன்களில் ரோபோவால் ஆயுள் கூடுகிறது என்பது நிறுவப்படவில்லை என்று எச்சரிக்கை வெளியிட்டது. பெருங்குடலிலும் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போவதும் நோய் திரும்பாமல் இருப்பதும் தனித்தனி விஷயங்கள், ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்கக் கூடாது என்கிறேன்.

ரோபோவால் உண்மையாகவே கிடைப்பதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. சின்ன ஓட்டைகளில் தொடங்கி நடுவில் முடியாமல் வயிற்றைத் திறப்பது, முற்றிய கட்டிகளில் லேப்ராஸ்கோப்பியைவிட ரோபோவில் குறைவாக நடக்கிறது என்று பெரிய பதிவேடுகள் காட்டுகின்றன. பொருத்தமானவர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் ரோபோவில் போட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே எடுக்கும் வெட்டை அடிவயிற்றில் குறுக்காக, சிசேரியன் தழும்பு இருக்கும் இடத்தில் வைக்கலாம். அங்கே குடலிறக்கம் வருவது நடுவயிற்று வெட்டைவிட மிகக் குறைவு. வலி குறைந்து, அப்பா மறுநாளே எழுந்து நடந்தால், கீமோவைத் தள்ளிப்போடாமல் தொடங்கலாம். இந்த லாபங்களில் பெரும்பாலானவை நல்ல லேப்ராஸ்கோப்பியிலும் கிடைக்கும்.

பண விஷயம். ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருந்தால், ரோபோ சிகிச்சையைப் பாலிசி ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைக்கக் கம்பெனிக்கு அனுமதியும் இருக்கிறது. மொத்தக் காப்பீடு ஐந்து லட்சமாக இருந்தாலும் ரோபோவுக்கு அதில் ஒரு பகுதிதான் என்று கடைசி நாளில் தெரியவரும். முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ இருக்கிறது, அங்கேயும் ஒரு முறை காட்டி யோசனை கேட்கலாம்.

இரண்டு டாக்டர்களிடமும் மறுபடி போங்கள். ரோபோ என்று சொன்னவரிடம், சிறுநீர்ப்பையோடு சேர்த்து எடுக்கும் ஆபரேஷனை ரோபோவில் நீங்களே செய்திருக்கிறீர்களா, யூராலஜி டாக்டர் அன்று கூட இருப்பாரா, நடுவில் திறக்க வேண்டியிருந்தால் தயங்குவீர்களா என்று கேளுங்கள். திறந்து செய்பவரிடமும் முதல் இரண்டைக் கேளுங்கள். இருவரிடமும், டியூமர் போர்டில், அதாவது சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியாலஜிஸ்ட், பெத்தாலஜிஸ்ட் எல்லோரும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில், இந்த ஸ்கேனைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேள்விக்குக் கோபப்படுபவரைவிட, பேப்பர் எடுத்துப் படம் வரைந்து காட்டுபவரிடம் போங்கள். அவர் திறந்து செய்பவராக இருந்தாலும் சரிதான். நல்ல டாக்டர் யாரும் இந்தக் கேள்விகளைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஆபரேஷன் முடிந்து சிறுநீர் டியூப் பத்து நாள், இரண்டு வாரம் இருக்கும். மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள், அவசரப்படுத்த வேண்டாம். பெத்தாலஜி ரிப்போர்ட் வந்ததும் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை என்று எழுதியிருக்கிறதா, குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களைப் பரிசோதித்தார்களா, சிறுநீர்ப்பைத் துண்டில் உண்மையில் புற்று இருந்ததா? ஆபரேஷன் எப்படி நடந்தது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி, டிஸ்சார்ஜ் அன்று காட்டும் வீடியோ இல்லை. மிச்சக் கீமோவை இரண்டு மாதத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். டி4 கட்டிகளுக்கு, முன்னால் கொடுத்ததையும் சேர்த்து, ஆறு மாதக் கணக்கு வைப்பதுதான் வழக்கம்.

கீமோ முடிந்த பிறகு அப்பாவை நடக்க வையுங்கள். 2025-இல் வெளியான சேலஞ்ச் ஆய்வில், 889 பேரில் பாதிப் பேருக்குக் கீமோவுக்குப் பின் மூன்று வருடம் பயிற்சியாளர் வைத்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அந்தப் பக்கம் 80 சதவீதம், வெறும் அறிவுரைப் புத்தகம் வாங்கியவர்கள் பக்கம் 74. நல்ல மருந்து ஒன்று தரும் அளவுக்கான லாபம் அது.

உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவுக்கு 61-இல் வந்திருப்பதால், நீங்கள் எல்லோரும் 40 வயதில் கொலோனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா டியூப் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். 40 தாண்டியிருந்தால் இந்த வருடமே செய்துகொள்ளுங்கள். எம்எம்ஆர் குறைபாடு என்று ரிப்போர்ட் வந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். லின்ச் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று முதலில் அப்பாவின் ரத்தத்தில் பார்க்க வேண்டும். இருந்தால் உங்கள் பரிசோதனை இருபதுகளிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அத்தை, சித்தப்பா பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். எம்எம்ஆர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதோடு எழுதுங்கள், கீமோவா இம்யூனோதெரபியா என்பதை அப்போது பேசலாம்.